சேலத்திலிருந்து இலங்கைக்குக் கோல்ஃப் பயணம்: மலையில் தொடங்கிக் கடற்கரையில் முடிக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் கூட்டத்தில் கோல்ஃப் பயணம் என்று பேச்செடுத்தால் முதலில் இதுதான் நடக்கும். யாராவது ஒருவர் ராத்திரி பதினோரு மணிக்கு மலிவாக ஒரு விமான டிக்கெட்டைப் பார்த்து, நாலு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, காலையில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அதற்கப்புறம் மைதானத்துக்கு மெயில் போட்டால் அந்தச் சனிக்கிழமை உறுப்பினர்களுக்கான போட்டி, வெளியாட்களுக்கு இடமில்லை என்று பதில் வரும். எனக்கே முதல் பயணத்தில் இது நடந்தது, ஒரு கிளப் வாசல் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அதனால் இந்த வழிகாட்டியில் எதை முதலில் முடிவு செய்ய வேண்டும், எதை அப்புறம் செய்ய வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம். ஏன் இலங்கை என்றால், மலை மைதானமும் கடலோர மைதானமும் ஒரே வாரத்துக்குள், ஒரே வண்டியில் அடங்குகின்றன. உறுப்பினர் ஆகாமலே கட்டணம் கட்டி விளையாடலாம். திருச்சியிலிருந்து பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு மணிதான், சேலத்திலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குத்தான் அதைவிட அதிக நேரம் ஆகும்.

1. முதலில் ஆட்களை எண்ணுங்கள்

ஊர், தேதி எல்லாம் அப்புறம். எத்தனை பேர் விளையாடுவார்கள், எத்தனை பேர் கூட வருவார்கள் என்பதை எழுதி வையுங்கள். நாலு பேர் என்பது சரியான எண்ணிக்கை, ஒரே டீ டைமில், அதாவது ஆட்டம் தொடங்க மைதானம் ஒதுக்கும் நேரத்தில், நாலு பேரும் ஒன்றாகப் போகலாம். ஐந்து பேர் என்றால் இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும், ஒரு குழு முடித்துவிட்டு இன்னொன்றுக்காகக் காத்திருக்கும், மதியச் சாப்பாடு தள்ளிப்போகும். ஆறு பேர் என்றால் மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

ஒவ்வொருவருடைய ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைந்தால் நல்ல ஆட்டக்காரர்) என்ன, அதற்குச் சான்று இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூருவிலோ உறுப்பினராக இருப்பவர்களுக்கு அந்தக் கிளப்பிலேயே இந்திய கோல்ஃப் யூனியன் முறைப்படி சான்று கிடைக்கும். பயிற்சித் தளத்தில் மட்டுமே அடித்துப் பழகி, இன்னும் 18 குழியும் ஆடாத ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று இல்லை. அவர் முதல் சுற்றை எந்த மைதானத்தில் ஆட வேண்டும் என்பது மாறும், அவ்வளவுதான்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பிப்ரவரி, மார்ச். யோசிக்க நேரமில்லை என்றால் இந்த இரண்டில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

காரணம் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு: மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்கையும் மலைநாட்டையும் நனைக்கும். அக்டோபர், நவம்பரில் தீவு முழுவதும் மழை, மலைப் பாதைகளில் மண் சரியும் காலமும் அதுதான். ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மலையும் தெற்குக் கடற்கரையும் ஒரே சமயத்தில் ஓரளவு காய்ந்திருக்கும்.

சித்திரை வருடப் பிறப்பு வாரத்தைத் தவிருங்கள். நம்மூரில் லீவு என்பதால் பலர் அந்த வாரத்தைத்தான் கேட்பார்கள். ஆனால் அங்கேயும் அது தமிழ், சிங்களப் புத்தாண்டு, கொழும்பே கிளம்பி நுவரெலியாவுக்கு வந்துவிடும். கோடை விழா நேரத்தில் ஏற்காடு ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடியிருக்கிறீர்கள் இல்லையா, அதே கதை, அறை வாடகை மட்டும் இன்னும் அதிகம்.

இன்னொன்று பௌர்ணமி. அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், பொது விடுமுறை, அன்றைக்கு மது விற்பனை கிடையாது. ஆட்டம் முடிந்ததும் குளிர்ச்சியாக ஒரு பீர் என்று கனவு காண்பவர்கள் வீட்டுத் தினசரி காலண்டரைப் புரட்டிவிட்டுத் தேதி போடட்டும். சில மாதங்களில் அவர்கள் கணக்கு ஒரு நாள் முன்பின் வரும், அதனால் இலங்கை விடுமுறைப் பட்டியலையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

3. மைதானங்களை இந்த வரிசையில் வையுங்கள்

விளையாட வேண்டிய 18 குழி மைதானங்கள் நாலு: கண்டிக்குப் பக்கத்தில் திகனவில் இருக்கும் விக்டோரியா, நுவரெலியா கோல்ஃப் கிளப், தெற்குக் கடலோரத்தில் அம்பாந்தோட்டை ஷாங்ரி-லா, கொழும்பு பொரளையில் ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப். புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பில் தொடங்கி, கடற்கரையைப் பார்த்துவிட்டு, கடைசியில் மலை ஏறுவார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். இறங்கியதும் நேராகத் திகன, பிறகு நுவரெலியா, அப்புறம் அம்பாந்தோட்டை, கடைசியில் கொழும்பு.

முதல் காரணம் திரும்பும் விமானம். நுவரெலியாவிலிருந்து விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு வருவது முழுக்க வளைவும் இறக்கமும், ஒரு லாரி பழுதாகி நின்றாலே கணக்கு கெட்டுவிடும். அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புப் பக்கம் வருவதற்கு விரைவுச் சாலை இருக்கிறது, நேரத்தை நம்பிச் சொல்லலாம். சந்தேகமான சாலையைப் பயணத்தின் நடுவிலும் நம்பகமான சாலையைக் கடைசியிலும் வைத்தால் விமானத்தைத் தவறவிடும் பயம் குறையும்.

இரண்டாவது காரணம் உடம்பு. முதல் நாலு நாளில் காலில் தெம்பு இருக்கும்போதே மேடுபள்ளத்தை முடித்துவிட்டு, களைத்த பிறகு கடற்கரைக்கு வரலாம். எங்கள் மாமா ஒருவர், அறுபத்து மூன்று வயது, முதல் தடவை கொழும்பில் தொடங்கிய பயணத்தில் நுவரெலியா வரும்போது முழங்காலில் கட்டு போட்டிருந்தார். அடுத்த தடவை மலையில் தொடங்கினோம், கடைசி நாள் வரை நடந்தே ஆடினார்.

விக்டோரியா பழைய தென்னந்தோப்பு இருந்த சரிவு நிலம், ஒரு பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம், பின்னால் நக்கிள்ஸ் மலைத்தொடர். காட்சியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவோம், ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம். வயதானவர் இருந்தால் இங்கே பக்கி, அதாவது மைதானத்துக்குள் ஓடும் சின்ன வண்டி, கேட்டு வாங்குங்கள்.

நுவரெலியா ஊருக்கு நடுவிலேயே இருக்கும் மைதானம், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். நம் ஏற்காட்டைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். பந்தை அடிக்க வேண்டிய புல்பாதையான ஃபேர்வே குறுகல், இருபுறமும் உயரமான மரங்கள், குறுக்கே ஓடைகள். இங்கே பலம் இருக்கிறவனைவிட நேராக அடிக்கிறவன் பிழைப்பான்.

அம்பாந்தோட்டையில் தென்னந்தோப்பு ஒரு பகுதி, பழைய நீலக்கல் சுரங்க நிலம் ஒரு பகுதி, கடலை ஒட்டிய மணல்மேடுகள் ஒரு பகுதி என்று ஒரே சுற்றில் மூன்று விதமான நிலம் வரும். ரிசார்ட் மைதானம் என்பதால் விருந்தினருக்குப் பழகிய இடம். 18 குழி இன்னும் ஆடாத அந்த ஒருவர் தன் முதல் முழுச் சுற்றை இங்கே வைத்துக்கொண்டால் பின்னால் நின்று முறைப்பவர்கள் குறைவு.

ராயல் கொழும்பு விருப்பம்தான். மைதானத்துக்கு நடுவில் களனிவெளி ரயில் பாதை போகிறது, ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வழிவிட வேண்டும். அதற்காகவே ஒரு முறை ஆடலாம்.

நாள் கணக்கு இப்படி வரும். முதல் நாள் திருச்சி, கட்டுநாயக்க, திகன. இரண்டாம் நாள் விக்டோரியாவில் ஆட்டம். மூன்றாம் நாள் கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக நுவரெலியா. நாலாம் நாள் ஆட்டம். ஐந்தாம் நாள் வெலிமடை, வெல்லவாய வழியாக அம்பாந்தோட்டை. ஆறாம் நாள் ஆட்டம். ஏழாம் நாள் கொழும்பு. எட்டாம் நாள் காலையில் விருப்பம் இருந்தால் ஆட்டம், இரவு விமானம்.

ஆட்ட நாளையும் பயண நாளையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். வரைபடத்தில் நுவரெலியாவுக்கும் அம்பாந்தோட்டைக்கும் நடுவில் சேலம் கோயம்புத்தூர் தூரம்கூட இல்லை போலத் தெரியும், "காலையில் ஆடிட்டு மத்தியானம் கிளம்பிடலாம்" என்று யாராவது சொல்வார். மலைச் சாலையில் அது ஐந்து மணி நேரம். இருட்டில் இறங்க வேண்டி வரும்.

4. விமானத்துக்கு முன்னால் டீ டைம்

இதுதான் இந்தக் கட்டுரை எழுத வைத்த பகுதி. மைதானங்களுக்கு ஒரே நாளில் மெயில் அனுப்புங்கள், பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே. ஒவ்வொரு மெயிலிலும் இரண்டு தேதிகள் கொடுங்கள், முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம். இரண்டும் முடிந்தவரை வார நாட்களாக இருக்கட்டும். சனி, ஞாயிறு காலை பெரும்பாலும் உறுப்பினர்களுக்குப் போய்விடும், போட்டிகளும் அன்றைக்குத்தான் வைப்பார்கள்.

மெயிலில் இவ்வளவும் இருக்க வேண்டும்: எத்தனை பேர், ஒவ்வொருவரின் ஹேண்டிகேப், காலை எத்தனை மணிக்குத் தொடங்க ஆசை, கேடி (கூடவே நடந்து பை தூக்கி, வழி சொல்லும் உதவியாளர்) எத்தனை பேர், பக்கி வேண்டுமா, வாடகை மட்டை வேண்டுமா, இடதுகை ஆட்டக்காரர் இருக்கிறாரா. அதோடு மூன்று கேள்விகள்: அந்தத் தேதிகளில் போட்டி ஏதும் உண்டா, புல்தரைப் பராமரிப்பு வேலை உண்டா, மழையால் பாதியில் நின்றால் கட்டணம் என்ன ஆகும்?

புல்தரைக் கேள்வி அவசியமா என்று கேட்பார்கள். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் துளை போட்டு மணல் பரப்பியிருக்கும் வாரத்தில் போய்ச் சேர்ந்தால், பட்டர் என்ற மட்டையால் தட்டிய பந்து எழும்பி எழும்பிப் போகும், முழுக் கட்டணமும் கட்டியிருப்பீர்கள். ஒரு வரி கேட்டால் தப்பிக்கலாம்.

தொடங்கும் நேரம் காலை ஏழை ஒட்டி இருக்கட்டும். நாலு பேர் 18 குழி ஆட நாலரை மணி நேரம் ஆகும், மலையில் மதியத்துக்கு மேல் மேகம் இறங்கும், கடற்கரையில் மதியத்துக்கு மேல் காற்று ஏறும். இரண்டு இடத்திலும் காலைதான் பாதுகாப்பு.

எல்லா இடத்திலிருந்தும் எழுத்தில் உறுதி வந்த பிறகு, அந்தத் தேதிகளைச் சுற்றி அறையைப் போடுங்கள். கடைசியாக விமானம். டிக்கெட் இரண்டாயிரம் ரூபாய் ஏறிவிட்டது என்று யாராவது புலம்புவார். புலம்பட்டும்.

5. விமானமும் தாள்களும்

சேலத்துக்காரர்களுக்குத் திருச்சிதான் வசதி. சீலநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகக் காவிரிக்கரையை ஒட்டிப் போனால் மூன்று மணி நேரத்துக்குள் விமான நிலையம். சென்னையிலிருந்து விமானங்கள் அதிகம்தான், ஆனால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு ராத்திரி போக வேண்டும். நமது காமலாபுரம் விமான நிலையத்தில் உள்நாட்டுச் சேவை மட்டும்தான்.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடி ஆக வேண்டும். எல்லாருடையதையும் படமெடுத்து ஒருவர் பார்த்துச் சரிபாருங்கள், "என்னுது இருக்குங்க" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியைப் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் எடுக்க வேண்டும். தேடலில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை, பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கூடுதலாகப் பணம் பிடுங்கும். முகவரி ஜிஓவி டாட் எல்கே என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தகவலைக் கொடுங்கள்.

6. மட்டைப் பை கட்டுவது

கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஒரு சுற்றுதான் என்றால் வாடகை. மூன்று சுற்று என்றால் உங்களுடையதே நல்லது. இடதுகைக்காரர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள். மட்டைகள் கைப்பையாக விமானத்துக்குள் போகாது, சரக்காகத்தான் போடணும், அதனால் டிக்கெட் எடுக்கும்போதே விளையாட்டுச் சாமான்களுக்கு எவ்வளவு எடை, தனிக் கட்டணம் உண்டா என்று விமான நிறுவனத்திடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கட்டும் முறை: டிரைவர் என்ற தூர அடி மட்டையின் தலையைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவில் வையுங்கள். மீதி மட்டைகளின் தலைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு பழைய போர்வையால் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். பைக்குள் எல்லா மட்டையையும்விட இரண்டு விரல் உயரமாக ஒரு கெட்டிக் கம்பு நிற்கட்டும். பையைத் தலைகீழாக எறிந்தால் அடி முதலில் கம்பின் மேல் விழும், மட்டையின் கழுத்தில் விழாது. இதற்கென்று கடையில் தனியாக ஒரு சாமான் விற்கிறார்கள். நான் ஒட்டடைக் கம்பை அறுத்து இரண்டு முனையிலும் டென்னிஸ் பந்து செருகியிருக்கிறேன், நாலு தடவை போய் வந்துவிட்டது.

தூரம் பார்க்கும் கருவி, அதன் மாற்று பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். மாற்று லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பையில் போடக் கூடாது, ஸ்கேனரில் பிடித்துப் பையைத் திறக்கச் சொல்வார்கள், எங்கள் போர்வைக் கட்டு முழுவதும் ஒரு தடவை இப்படி அவிழ்ந்தது.

விலையுயர்ந்த புது மட்டை என்றால் புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள், ரசீதும் வரிசை எண் தெரியும் படமும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது இது இங்கிருந்தே போன சாமான் என்று காட்ட அதுதான் சாட்சி. இதற்காக அரை மணி நேரம் முன்னதாகவே போக வேண்டியிருக்கும்.

துணியில் மூன்று விஷயம்: காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் இல்லாத பேண்ட், மென்முள் அடிப்பாகம் கொண்ட ஷூ. சேலத்து வெயிலில் கட்டிய பையில் ஸ்வெட்டர் வைக்க மறப்பது சகஜம். நுவரெலியாவில் விடியற்காலை பத்து, பன்னிரண்டு டிகிரி இருக்கும். மழைச்சட்டையும் இரண்டாவது கையுறையும் கூட. அப்புறம் ஒரு டப்பா தட்டுவடை, சட்னி இல்லாமல் வெறும் தட்டுவடை, ஒன்பதாவது குழி தாண்டியதும் அதன் அருமை தெரியும்.

7. ஏற்காட்டில் ஒருநாள் ஒத்திகை

புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏற்காடு போய் வாருங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். யாருக்குத் தலைசுற்றும், யார் முன் சீட் கேட்பார்கள், யாருக்கு எலுமிச்சம்பழம் வேண்டும் என்பதெல்லாம் எட்டாவது வளைவுக்குள் தெரிந்துவிடும். றம்பொடைச் சாலையில் தெரிந்துகொள்வதைவிட இங்கே தெரிவது மேல்.

மேலே போனதும் ஏரியிலிருந்து பகோடா பாயிண்ட் வரை நடந்து போய்த் திரும்புங்கள், ஆடப்போகும் ஷூவோடு, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. 18 குழிக்கு எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடை, சமதரையில் அல்ல. புது ஷூ கடிக்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்தால் மாற்ற நேரம் இருக்கும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இந்த ஒத்திகைக்கு வராமல் புது ஷூவோடு விமானம் ஏறினார், திகனவில் பதினோராவது குழியில் செருப்புக்கு மாறி, கேடியோடு வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தார்.

8. வண்டி

நாமே ஓட்டலாம்தான், இடப்பக்கம் போகும் சாலை, நம் ஊர் போலவே. ஆனால் அங்கே ஓட்டத் தனியாக ஒரு தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும், ஆடிக் களைத்த பிறகு மலையில் ஓட்டுவதும் சரியில்லை. ஓட்டுநரோடு வேன் எடுத்துவிடுங்கள்.

வேன் பேசும்போது ஆள் எண்ணிக்கையை மட்டும் சொல்வதுதான் வழக்கமான தவறு. நாலு பேர் என்றதும் கார் அனுப்பிவிடுவார்கள். நாலு மட்டைப் பை, ஒவ்வொன்றும் நாலடிக்கு மேல் நீளம், கூடவே நாலு பெட்டி என்று சொல்லுங்கள், சாமான் ஏற்றும் இடத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். முதல் தடவை வந்த வண்டியில் இரண்டு பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கண்டி வரை போனோம். ஓட்டுநர் தங்குமிடம், சாப்பாடு, விரைவுச் சாலைக் கட்டணம் எல்லாம் பேசிய தொகைக்குள் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ் பேசும் ஓட்டுநர் வேண்டும் என்று கேட்டால் கிடைப்பார். எங்களுக்கு வந்தவர் அட்டனைச் சேர்ந்தவர். நுவரெலியாவில் ஆடப் போகும் காலை, மாமா அறை வாசலில் நின்று, "இன்னைக்கு டிரைவர் வேண்டாம், ரூம்லயே விட்டுட்டுப் போயிடலாம்" என்று சத்தமாகச் சொன்னார். அவர் சொன்னது மட்டையை. வேன் பக்கத்தில் நின்றிருந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதி வழி வரை மன்னிப்பு கேட்டுக்கொண்டே போனோம்.

9. பணம்

கிளம்புவதற்கு முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள், பல அட்டைகளில் அது மூடியேதான் இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யுபிஐ வழியாகக் கட்ட வசதி வந்திருக்கிறது, கடைவீதியில் முயன்று பாருங்கள், ஆனால் அதை நம்பி வெறும் கையோடு போகாதீர்கள். மைதானக் கட்டணம் அட்டையில். கேடிக்கும் ஓட்டுநருக்கும் கொடுக்க இலங்கை ரூபாய்த் தாள், சில்லறையாக.

பொதுச் செலவுக்கு ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளட்டும், தினமும் இரவு எழுதி அனுப்பட்டும். எட்டு நாள் கழித்து மொத்தமாகப் பிரித்தால் நட்பு கெடும்.

10. மைதானத்தில் இறங்கிய பிறகு

டீ டைமுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பதிவு, பணம், கேடி ஒதுக்கீடு என்று அரை மணி போய்விடும், மீதி அரை மணி பட்டிங் தரையில். உடம்பைத் தளர்த்தாமல் நேராக முதல் குழிக்கு ஓடுகிறவர்கள் முதல் மூன்று குழியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்கோர் அட்டையில் தூரம் யார்டா மீட்டரா என்று முதலில் பாருங்கள். 150 யார்டு என்பது 137 மீட்டர்தான். உங்கள் கருவியையும் அதே அளவுக்கு மாற்றிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

நுவரெலியாவில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மலையில் காற்று லேசு, பந்து அதிக தூரம் போகும் என்று படித்துவிட்டு வருவார்கள், அது உண்மைதான். அந்த உயரத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடும், கீழே 150 மீட்டர் போகும் அடி 160ஐத் தொடும். அதனால் ஒரு மட்டை குறைத்து, அதாவது தூரம் குறைவாகப் போகும் அடுத்த மட்டையை எடுப்பார்கள், பந்து ஓடையில் விழும். காலைக் குளிரை மறந்துவிட்டார்கள். குளிர்ந்த பந்தும் குளிர்காற்றும், ஸ்வெட்டருக்குள் இறுகிய தோளும் சேர்ந்து நாலைந்து மீட்டரைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். ஆக மிஞ்சுவது அரை மட்டை வித்தியாசம். காலையில் முதல் ஆறு குழி வரை உங்கள் வழக்கமான மட்டையையே எடுத்துக் கொஞ்சம் இலேசாக அடியுங்கள், வெயில் ஏறிய பிறகு ஒன்று குறைத்துப் பாருங்கள். மாற்றுப் பந்தைப் பேண்ட் பையில் வைத்துக் கதகதப்பாக வைத்திருப்பதும் உதவும், குழிக்குக் குழி மாற்றிக்கொள்ளலாம்.

கேடி சொல்வதைக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கேடி எடுத்தே ஆக வேண்டும், அதைத் தண்டச் செலவாக நினைக்காதீர்கள். நுவரெலியா மலையகத் தமிழர் நிறைந்த மாவட்டம், எனக்கு வந்த கேடி தமிழில்தான் பேசினார். நான் டிரைவருக்குக் கை நீட்டினேன், அவர் உறையைக் கழற்றவே இல்லை. "வேணாங்கண்ணே, வலப்பக்கம் ஓடை, இடப்பக்கம் மரம். சின்னதா எடுத்து நடுவுல வைங்க, அடுத்தது பார்த்துக்கலாம்" என்று அதைவிடச் சின்ன மட்டையான 5 அயர்னைக் கொடுத்தார். கேட்டு ஆடிய குழிகளில் பந்து தொலையவில்லை, என் இஷ்டத்துக்கு ஆடியவற்றில் ஆறு பந்து போயிற்று.

அம்பாந்தோட்டையில் கணக்கே வேறு. கடல் மட்டம், சூடான காற்று, கடலோரக் குழிகளில் எதிர்க்காற்று. பந்தைத் தாங்கும் குச்சியான டீயில் அதை உயரமாக ஏற்றாதீர்கள், காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். எதிர்க்காற்றில் பலமாக அடித்தால் பந்து சுழன்று மேலேதான் ஏறும், இரண்டு மட்டை பெரியதாக எடுத்து மெதுவாக அடியுங்கள். தண்ணீர் ஒரு லிட்டராவது குடியுங்கள். மலைக் குளிரில் மூன்று நாள் இருந்துவிட்டு இறங்கியவர்களுக்கு வெயில் திடீரென்று தாக்கும், சேலத்துக்காரனுக்கு வெயிலா என்று வீரம் பேசியவர்தான் எங்களில் முதலில் நிழல் தேடி உட்கார்ந்தார்.

ஹேண்டிகேப் வித்தியாசம் அதிகமாக இருக்கும் கூட்டத்தில் குழிக்குக் குழி புள்ளி போடும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஆடுங்கள். ஒரு குழியில் சொதப்பினால் பூஜ்யம் போட்டுவிட்டுப் பந்தைக் கையில் எடுத்து அடுத்ததற்குப் போகலாம், பின்னால் வருபவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

11. விளையாடாதவர்களுக்கு

வீட்டம்மாவோ அப்பாவோ கூட வந்தால், அவர்கள் திட்டத்தையும் உங்கள் திட்டத்தோடு சேர்த்தே போடுங்கள். நாம் ஆடும் நாலரை மணி நேரம் வேன் சும்மாதான் நிற்கும், அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். திகனவில் இருக்கும்போது கண்டி தலதா மாளிகை, றம்பொடையில் போகும் வழியிலேயே அனுமன் கோயில், நுவரெலியாவில் சீதாஎலிய அம்மன் கோயிலும் ஹக்கல தாவரவியல் பூங்காவும்.

அம்பாந்தோட்டையில் ஆட்டம் முடிந்த மாலை கதிர்காமம். ஒரு மணி நேரத் தூரம்தான், மாலைப் பூஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். முருகனைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் இந்தப் பயணத்துக்கே அனுமதி வாங்கினேன், அதனால் ஆறாம் நாள் ஆட்டத்தை மதியத்துக்கு மாற்றுவோமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

12. திரும்பும் நாள்

எட்டாம் நாள் கொழும்பில் ஆடுவதாக இருந்தால் விமானம் இரவு எட்டு மணிக்கு மேல் இருக்க வேண்டும். காலை ஏழுக்குத் தொடங்கினால் பதினொன்றரைக்கு முடியும், குளியல், சாப்பாடு, பை கட்டுவது என்று மதியம் இரண்டு ஆகிவிடும், கொழும்பு நெரிசலைத் தாண்டிக் கட்டுநாயக்க போய்ச் சேரும்போது மாலை நாலு. மதிய விமானம் என்றால் இந்தச் சுற்றை விட்டுவிடுங்கள்.

ஷூ அடியில் ஒட்டிய மண்ணையும் புல்லையும் கிளப்பிலேயே பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, செய்தித்தாள் திணித்துக் காயவைத்துப் பையில் போடுங்கள். ஈரமாகக் கட்டினால் சேலம் வந்து திறக்கும்போது துணி முழுக்க நாறும். ஏற்றுமதிச் சான்று கடவுச்சீட்டோடு கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைப் பொட்டலங்களை மட்டைப் பையில் திணிக்காதீர்கள், எடை கூடினால் முகப்பில் வைத்து அவிழ்க்க வேண்டி வரும். அப்புறம் திருச்சியில் இறங்கும் நேரத்துக்கு வண்டிக்காரரிடம் முந்தின நாளே மறுபடி ஒரு போன் போட்டுவிடுங்கள், நாலு பை, நாலு பெட்டி என்று அவரிடமும் சொல்ல வேண்டும்.